கழிவுநீரில் பாஸ்பரஸ்: பிடிப்பது கரியா, மக்னீசியமா?

பட்டப் படிப்பின் இறுதியாண்டில் உள்ள மாணவர் ஒருவர் ஒருநாள் ஓர் ஆய்வுச் சுருக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார். “ஒரு கிராம் கரி 835 மில்லிகிராம் பாஸ்பேட்டைப் பிடிக்குமாம், சார். கரியின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல்! இதை வைத்து ஓர் ஊரின் சாக்கடையில் போகிற பாஸ்பரஸ் முழுவதையும் எடுத்துவிடலாமே? இதையே நான் ப்ராஜெக்டாக எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டார்.

கேள்வி நல்ல கேள்வி. அந்த எண்ணும் பொய்யான எண் அன்று. அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் அது காணப்படுகிறது. சர்க்கரை பீட் கிழங்கின் கழிவு, வேர்க்கடலைத் தோல் போன்றவற்றை மக்னீசியம் உப்புடன் சேர்த்துக் கரியாக்கி, அதனால் பாஸ்பேட்டைப் பிடித்துக் காட்டினார்கள். அதன் பிறகு உலகெங்கும் இத்தகைய கரிகள் பல செய்யப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்படுகிறது. எண் பெரிதானால் கரி சிறந்தது என்று கொள்ளப்படுகிறது. இந்த ஒற்றை எண்ணைக் கொண்டு கரிகளைத் தரம் பிரிக்கும் வழக்கம் சரியானதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாஸ்பரஸின் இரு முகங்கள்

1669-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர், பொன் செய்யும் ஆசையில், சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்தார். பொன் கிடைக்கவில்லை, இருளில் ஒளிரும் பாஸ்பரஸ் கிடைத்தது. மனித உடலிலிருந்து வெளியேறும் கழிவில் பாஸ்பரஸ் உண்டு என்பது ஆக மூன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த செய்தியாகும்.

பயிருக்குப் பாஸ்பரஸ் இன்றியமையாதது. வேறு எந்தத் தனிமமும் அதன் வேலையைச் செய்யாது. நைட்ரஜனையாவது காற்றிலிருந்து எடுக்கலாம். பாஸ்பரஸுக்குப் பாறையைத்தான் வெட்ட வேண்டும். அந்தப் பாறையோ உலகில் சீராகப் பரவியிருக்கவில்லை. அறியப்பட்ட இருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு மொராக்கோவிலும் மேற்குச் சகாராவிலும் உள்ளது. இந்தியாவில் ராஜஸ்தானில் சுரங்கம் இருந்தாலும், நமக்கு வேண்டிய பாஸ்பேட்டில் பெரும்பகுதியைப் பாறையாகவோ அமிலமாகவோ உரமாகவோ இறக்குமதிதான் செய்கிறோம். 2007, 2008-ஆம் ஆண்டுகளில் பாஸ்பேட் பாறையின் விலை சுமார் எட்டு மடங்காக உயர்ந்தபோது இந்த நிலையின் ஆபத்து விளங்கியது.

மறுபக்கம், வயலிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் ஏரிக்குப் போகும் பாஸ்பரஸ் அங்கே பாசியை வளர்க்கிறது. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் பெருகிய நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கலந்ததால், டொலிடோ நகரத்தைச் சார்ந்த சுமார் 5 இலட்சம் மக்கள் சில நாள்கள் குழாய்நீரைக் குடிக்க முடியாமல் போயிற்று.

நிலத்தில் பற்றாக்குறை, நீரில் மிகுதி. ஆகவே நீரிலிருந்து எடுத்து நிலத்துக்குக் கொடுப்பதே முறை. ஜெர்மனி 2017-இல் செய்த விதியின்படி, பெரிய கழிவுநீர் நிலையங்கள் 2029 முதல் பாஸ்பரஸை மீட்டாக வேண்டும். இவ்வளவு முக்கியமான பணிக்கு எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எண்கள் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது.

வெறும் கரி ஏன் பிடிப்பதில்லை?

இராமநாதபுரம் பக்கத்தில் சீமைக்கருவேலங் கட்டைகளை அடுக்கி, மண்ணால் மூடிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு உயிர்க்கரி செய்யும் முறையை விளக்க வேண்டியதில்லை. உமி, சக்கை, தோல், சாணம் போன்ற உயிர்ப்பொருளைக் காற்று மிகக் குறைந்த கலத்தில் 400 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் கிடைப்பதே உயிர்க்கரி. அதில் நுண்துளைகள் ஏராளம். ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களையெல்லாம் விரித்தால், சில சதுர மீட்டரிலிருந்து சில நூறு சதுர மீட்டர் வரை பரப்பு கிடைக்கும். கரைசலில் உள்ள பொருள்கள் இப்பரப்பில் ஒட்டிக்கொள்வதைப் பரப்புக் கவர்ச்சி என்கிறோம்.

ஆனால் பரப்பு இருந்தால் மட்டும் போதாது. வீட்டுக் கழிவுநீரின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 7. இந்நிலையில் பாஸ்பேட் எதிர் மின்னூட்டம் கொண்ட அயனியாக இருக்கிறது. சாதாரணக் கரியின் பரப்பும் பெரும்பாலும் எதிர் மின்னூட்டமே கொண்டிருக்கும். ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது பள்ளிப் பாடம். இதே புளோரிடாவில் 13 வகைக் கரிகளைச் சோதித்து 2012-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், நேர் மின்னூட்டம் கொண்ட அம்மோனியத்தை 9 கரிகள் பிடித்தன. பாஸ்பேட்டையோ பெரும்பாலானவை பிடிக்கவில்லை. கரி தாவரத்திலிருந்து வந்தது. ஆதலால் தன்னிடமுள்ள பாஸ்பேட்டைச் சில கரிகள் நீருக்குள் விடுவதும் உண்டு.

எனவேதான் கரியை மாற்றியமைக்கிறார்கள். மக்னீசியம், கால்சியம், இரும்பு, லாந்தனம் ஆகியவற்றுள் ஒன்றை அதில் ஏற்றுகிறார்கள். மக்னீசியம் ஆக்சைடின் பரப்பு, பி.எச். மதிப்பு 12-ஐ நெருங்கும் வரை நேர் மின்னூட்டத்துடனேயே இருக்கும். ஆகவே அது பாஸ்பேட்டைத் தன்பால் இழுக்கிறது.

எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது 835-க்கு வருவோம். மோல் கணக்கு தெரிந்த எவரும் இதைச் செய்து பார்க்கலாம்.

பாஸ்பேட் அயனியின் மோல் எடை 95 கிராம். 835 மில்லிகிராம் என்பது சுமார் 8.8 மில்லிமோல். அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 5.3 × 10²¹ அயனிகள். ஓர் அயனி பரப்பில் உட்கார ஏறத்தாழ 0.2 சதுர நானோமீட்டர் இடம் வேண்டும் என்று கொள்வோம். அத்தனை அயனிகளும் ஒரே அடுக்காக நெருக்கி உட்கார, 1,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு தேவை. சாதாரண உயிர்க்கரியில் அவ்வளவு பரப்பு இல்லை. இருந்தாலும் அதன் ஒவ்வொரு மூலையிலும் பாஸ்பேட் நிரம்பியிருக்க வேண்டும்!

எனவே இங்கு நடப்பது வெறும் பரப்புக் கவர்ச்சியாக இருக்க முடியாது. மக்னீசியமும் பாஸ்பேட்டும் வேதிமுறையில் கூடி வீழ்படிவாகின்றன என்பதே பொருத்தமான விளக்கம். அப்படியானால் எவ்வளவு மக்னீசியம் தேவை? ஒரு பாஸ்பேட்டுக்கு ஒரு மக்னீசியம் என்று வைத்தால் 8.8 மில்லிமோல் மக்னீசியம் ஆக்சைடு, அதாவது சுமார் 355 மில்லிகிராம். இரண்டு பாஸ்பேட்டுக்கு மூன்று மக்னீசியம் என்று வைத்தால் சுமார் 530 மில்லிகிராம். அதாவது “ஒரு கிராம் கரி” என்று நாம் சொல்லும் பொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலோ, பாதிக்கு மேலோ மக்னீசியம் ஆக்சைடு இருந்தாக வேண்டும்.

இங்கே இன்னொரு பாடமும் உண்டு. சில கட்டுரைகள் பாஸ்பேட் அயனியின் எடையைத் தருகின்றன. சில, பாஸ்பரஸ் தனிமத்தின் எடையை மட்டும் தருகின்றன. 95-ஐ 31-ஆல் வகுத்தால் சுமார் 3. அலகைக் கவனிக்காமல் இரு கரிகளை ஒப்பிட்டால் மும்மடங்கு பிழை நேரும். 835 என்பதைத் தனிமத்தின் எடை என்று எடுத்துக்கொண்டால் 27 மில்லிமோல் ஆகிறது. ஒரு கிராம் தூய மக்னீசியம் ஆக்சைடிலேயே 25 மில்லிமோலுக்குக் குறைவாகத்தான் மக்னீசியம் உண்டு. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் அது நடவாத காரியம். ஆகவே அது பாஸ்பேட் அயனியின் எடையே எனக் கொள்வது பொருந்தும்.

இந்த உண்மையை ஆய்வாளர்கள் மறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இதே பல்கலைக்கழகத்தினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மக்னீசியம் கலந்த நீர் ஊற்றி வளர்த்த தக்காளிச் செடிகளைக் கரியாக்கினார்கள். மக்னீசியம் கூடக் கூடப் பாஸ்பேட் பிடிப்பதும் கூடுகிறது என்றும், வேதிவினையால் வீழ்படிவாவதும் மக்னீசியப் படிகங்களின் மேல் படிவதுமே காரணங்கள் என்றும் அவர்களே எழுதியுள்ளனர். குறை, எண்ணை மட்டும் பெயர்த்தெடுத்துப் பட்டியல் போடும் பின்வந்தோரிடம் உள்ளது. மக்னீசியத்தின் வேலையைக் கரியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

ஓர் எண் போதாது

இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. 835 என்பது லாங்மியூர் சமன்பாட்டின் வழியே பெறப்பட்ட உச்ச அளவு. இர்விங் லாங்மியூர் 1918-ஆம் ஆண்டு தந்த அச்சமன்பாட்டில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, உச்ச அளவு. மற்றொன்று, எந்தச் செறிவில் அந்த உச்சத்தில் பாதி நிரம்பும் என்பதைக் காட்டுவது. முதல் எண்ணை எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டாவது எண் பெரும்பாலும் அட்டவணைக்குள் மறைந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு கற்பனைக் கரிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உச்ச அளவு கிராமுக்கு 800 மில்லிகிராம் பாஸ்பேட். முதல் கரி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் செறிவிலேயே பாதி நிரம்பும். இரண்டாவது கரி பாதி நிரம்ப, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வேண்டும்.

வீட்டுக் கழிவுநீரில் பாஸ்பரஸ் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் அளவில் இருக்கும். அதைத் தொட்டியில் கரியுடன் கலக்கி, வெளியேறும் நீரில் 1 மில்லிகிராம் பாஸ்பரஸ், அதாவது சுமார் 3 மில்லிகிராம் பாஸ்பேட் மட்டும் மிஞ்சும்படி செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செறிவில் முதல் கரி கிராமுக்கு 480 மில்லிகிராம் பிடிக்கும். இரண்டாவது கரி 12 மில்லிகிராம்தான் பிடிக்கும். உச்ச எண் ஒன்றே. பயன் நாற்பது மடங்கு வேறு!

அறுபது இருக்கை உள்ள பேருந்து என்பதால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அறுபது பேர் ஏறிவிடுவதில்லை. நிறுத்தத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இதை ஓர் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு மனிதரின் கழிவில் நாளொன்றுக்குச் சுமார் 1.5 கிராம் பாஸ்பரஸ் போகிறது என்று கொண்டால், ஓர் இலட்சம் பேர் வாழும் ஊரில் 150 கிலோ. முதல் கரியானால் ஒரு நாளைக்கு ஒரு டன் கரி போதும். இரண்டாவது கரியானால் சுமார் 38 டன் வேண்டும். உலர்ந்த சக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கரி தேறும் என்பதால், நாள்தோறும் நூறு டன்னுக்கு மேல் சக்கை தேட வேண்டியிருக்கும். நகராட்சி எதுவானாலும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடும்.

மேலும், லாங்மியூர் சமன்பாடு ஒரே அடுக்காக ஒட்டிக்கொள்ளும் பொருளுக்காக எழுதப்பட்டது. இங்கு நடப்பதோ வீழ்படிவாதல். அதற்குக் கரைதிறன் பெருக்கம் என்னும் எல்லை ஒன்று உண்டு; செறிவு அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் படிவே தோன்றாது. மக்னீசியம் பாஸ்பேட்டுகள் ஓரளவு கரையக்கூடியவை. ஆகவே, செறிந்த கரைசலில் பெற்ற கோட்டை நீர்த்த கழிவுநீர் வரை நீட்டிக் கணக்கிடுவது இன்னும் ஐயத்துக்குரியது. சோதனைச்சாலையில் காய்ச்சி வடித்த நீரில் கரைத்த தூய பாஸ்பேட் வேறு, சாக்கடை நீர் வேறு. அங்கே பைகார்பனேட், சல்பேட், கரிமப் பொருள்கள் எல்லாம் இடத்துக்குப் போட்டியிடுகின்றன.

அகற்றல் வேறு, மீட்டல் வேறு

அப்படியானால் நீர்த்த கரைசலிலும் இறுகப் பிடிக்கும் பொருளைத் தேர்ந்தெடுத்தால் என்ன? லாந்தனம் ஏற்றிய கரி அவ்வாறானது. லாந்தனம் பாஸ்பேட் நீரில் கரைவதே இல்லை எனலாம். ஆஸ்திரேலியாவில் 1990-களில் லாந்தனம் ஏற்றிய களிமண்ணை உருவாக்கினார்கள். அதை ஏரிகளில் தூவிப் பாஸ்பேட்டை அடிமண்ணிலேயே பூட்டிவைக்கிறார்கள். ஏரியைக் காப்பதற்கு அது நல்ல வழி. ஆனால் பூட்டிய பாஸ்பேட் பயிருக்கு எளிதில் கிடைக்காது. அதே பொருளைக் கரியில் ஏற்றிவிட்டு, “பாஸ்பரஸை மீட்டோம், உரமாக்கலாம்” என்று எழுதினால், நாம் நிறுத்திக் கேட்க வேண்டும். இரும்பு, அலுமினியம் ஏற்றிய கரிகளிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். செம்மண்ணில் இடும் பாஸ்பேட் உரத்தில் ஒரு பகுதி பயிருக்கு எட்டாமல் போவதற்கு இவ்விரு உலோகங்களும் காரணம் அல்லவா?

இறுகப் பிடித்தால் நீர் சுத்தமாகும், பயிருக்குக் கிடைக்காது. தளரப் பிடித்தால் பயிருக்குக் கிடைக்கும், நீரில் மிச்சம் நிற்கும். இந்த இழுபறியே இத்துறையின் நடுச் சிக்கல். உச்ச எண் இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மேலே சொன்ன 2013-ஆம் ஆண்டு ஆய்வை நான் மதிப்பதற்குக் காரணம், பிடித்த பாஸ்பேட்டில் பெரும்பகுதி தாவரத்துக்குக் கிடைக்கும் நிலையில் இருக்கிறதா என்று சோதித்து, புல் விதைகளை முளைக்கவைத்தும் காட்டினார்கள் என்பதே. விதை முளைப்பது ஒரு முழுப் பருவத்து விளைச்சல் ஆகாது. ஆயினும் சரியான கேள்வியைக் கேட்டார்கள்.

கரிக்கு உரிய இடம்

மக்னீசியக் கரிக்கு உகந்த இடம் நீர்த்த சாக்கடை அன்று, செறிந்த கழிவு. கழிவுநீர் நிலையத்தில் சேற்றைப் புளிக்கவைத்துப் பிழிந்த நீர், சாண எரிவாயுக் கலத்திலிருந்து வரும் நீர், சிறுநீர் ஆகியவற்றில் பாஸ்பரஸ் பன்மடங்கு மிகுதி. ஆனால் அங்கே கரிக்கு ஒரு போட்டியாளர் ஏற்கெனவே இருக்கிறார். மக்னீசியம் உப்பை நேராகச் சேர்த்தால், மக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் கூடி ஸ்ட்ரூவைட் என்னும் படிகமாக இறங்கும், அதுவே உரம். ஜப்பானில் ஷிமானே மாநிலத்தில் 1998 முதலும், சிகாகோவின் ஸ்டிக்னி நிலையத்தில் 2016 முதலும் இம்முறையைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தினார்கள். அங்கே கரி இல்லை.

ஆகவே கரி ஆய்வாளர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கரியில் உள்ள அளவு மக்னீசியத்தைக் கரியே இல்லாமல் அதே கழிவுநீரில் இட்டால் எவ்வளவு பாஸ்பேட் இறங்குகிறது? இந்த ஒப்பீட்டுச் சோதனை இல்லாத கட்டுரை, கரியைப் பற்றி எதையும் நிறுவியதாகாது.

அந்த ஒப்பீட்டில் கரி தோற்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. மக்னீசியம் ஆக்சைடு நுண்தூள். நீரோடு அடித்துச் செல்லப்படும், வடிகட்டுவது கடினம். கரிமணிகளில் பதிந்திருந்தால் குழாயில் நிரப்பி நீரை விடலாம். பிறகு அப்படியே வயலில் கொட்டலாம். நுண்துளைகளில் துகள்கள் பரவியிருப்பதால் மக்னீசியம் வீணாகாமல் வேலை செய்யக்கூடும். கரி மண்ணில் நீண்ட நாள் தங்கும். பண்ணை, மாட்டுத் தொழுவம் போன்ற சிறிய இடங்களுக்கு, எந்திரம் மிகுந்த ஸ்ட்ரூவைட் நிலையத்தைவிட இது எளியதாக அமையலாம். இவையே கரியின் உண்மையான தகுதிகள். இவற்றை அளந்து காட்டினால் யாரும் ஏற்பர்.

உரமாகப் பார்த்தாலும் ஒரு கணக்கு உண்டு. டி.ஏ.பி. உரத்தில் பாஸ்பரஸ் எடையில் 20 விழுக்காடு. சூப்பர் பாஸ்பேட்டில் 7 விழுக்காடு. கிராமுக்கு 20 மில்லிகிராம் பாஸ்பரஸ் பிடித்த கரியில் 2 விழுக்காடுதான். ஒரு மூட்டை டி.ஏ.பி.க்குப் பத்து மூட்டை கரியைச் சுமக்க வேண்டும். கழிவு உண்டாகும் இடத்துக்கு அருகிலேயே வயல் இருந்தால்தான் கட்டுப்படியாகும். மக்னீசியமும் விலைக்கு வாங்குவதே. கடல்நீரில் லிட்டருக்கு 1.3 கிராம் அளவுக்கு மக்னீசியம் உள்ளது. தூத்துக்குடி போன்ற உப்பளங்களில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் அது இன்னும் செறிந்திருக்கிறது. அதைப் பயன்படுத்திப் பார்ப்பது, புதிய பெரிய எண் ஒன்றைத் தேடுவதைக் காட்டிலும் பயனுள்ள வேலையாகும்.

மாணவருக்குச் சொன்னது

ப்ராஜெக்டைக் கைவிடும்படி நான் மாணவரிடம் சொல்லவில்லை. நான்கு பாத்திரங்கள் வைக்கச் சொன்னேன். ஒன்றில் வெறும் கரி. ஒன்றில் மக்னீசியம் ஏற்றிய கரி. ஒன்றில் அதே அளவு மக்னீசியம் ஆக்சைடு மட்டும். ஒன்றில் எதுவும் இல்லை. காய்ச்சி வடித்த நீர் வேண்டாம். விடுதியின் கழிவுநீரையே வடிகட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். பாஸ்பரஸின் எடையா, பாஸ்பேட்டின் எடையா என்று ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் எழுத வேண்டும். கடைசியில் அந்தக் கரியைத் தொட்டி மண்ணில் இட்டு, கேழ்வரகு விதைத்து, கதிர் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

“எண் சின்னதாக வந்தால், சார்?” என்று கேட்டார்.

வந்த எண்ணை அப்படியே எழுது என்றேன்.